கோடை ஹஜ் முடிந்துவிட்டதா? வெயிலும் நடையும் நம் ஹாஜிகளும்

2025 ஹஜ் முடிந்த கையோடு ஒரு செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வந்தது. இனி 25 ஆண்டுகளுக்குக் கோடையில் ஹஜ் வராது என்பது அதன் சாரம். சவூதியின் தேசிய வானிலை மையம் சொன்ன தகவல்தான் அது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினோரு நாட்கள் குறைவு. அதனால் ஹஜ் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, வசந்த காலத்துக்கும் பிறகு குளிர் காலத்துக்கும் போய், மீண்டும் உச்சக் கோடைக்கு வர 2050 ஆகிவிடும். கணக்கில் பிழையில்லை. அதிலிருந்து நம் மக்கள் எடுத்துக்கொண்ட முடிவில்தான் பிழை இருக்கிறது.

"வெயில் குறைஞ்சிடுச்சாமே ஹஜ்ரத், அத்தாவை இந்த வருஷமே அனுப்பிடலாம்ல?" என்று நம்மிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவரல்லர். 2026இல் அரஃபா நாள் மே 26 வாக்கில் வருகிறது. 2027இல் மே நடுவில், 2028இல் மே முதல் வாரத்தில். மக்காவில் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான ஒன்று. சவூதியின் நாட்காட்டியில் அது வசந்தமாக இருக்கலாம். நம் ஊர்க் கணக்கில் அதற்குக் கத்தரி என்று பெயர். பெயர் மாறியதால் எழுபது வயது உடம்புக்கு எதுவும் மாறிவிடுவதில்லை.

2024ஐ நாம் இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்கக் கூடாது. அந்த ஆண்டு ஜூன் 17 அன்று மஸ்ஜிதுல் ஹராமில் பதிவான வெப்பம் 51.8 டிகிரி. ஹஜ் செய்த 18 லட்சத்துச் சொச்சம் பேரில் 1,301 பேர் வஃபாத்தானதாக சவூதி சுகாதார அமைச்சர் அறிவித்தார். அவர்களில் 83 சதவீதம் பேர் முறையான ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். நிழலோ தங்குமிடமோ இல்லாமல் நேர் வெயிலில் நீண்ட தூரம் நடந்தவர்கள் என்று அரசே சொன்னது. எகிப்து 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்தது. துனீசியாவில் மார்க்க விவகார அமைச்சர் பதவி இழந்தார். இந்தியர்கள் 98 பேர் அந்த ஆண்டு இறந்ததாக நம் வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது. முதுமை, நோய் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. முதுமையும் நோயும் வெயிலில் என்ன ஆகும் என்ற கேள்வியை நம் சமூகத்தில் அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? "பாக்கியமான மவுத்து" என்ற ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. புனித பூமியில், இஹ்ராமோடு, ஜன்னத்துல் முஅல்லாவில் அடக்கம். இந்தச் சொல்லை நாம் மறுக்கவில்லை. அரஃபாவில் ஒட்டகத்திலிருந்து விழுந்து வஃபாத்தான ஒரு தோழரை இஹ்ராம் துணியிலேயே கஃபனிடச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அவர் மறுமையில் தல்பியா சொன்னவராகவே எழுப்பப்படுவார் என்று அறிவித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஆனால் அவர் விழுந்தது விபத்து. விழுவதற்காக அவர் ஒட்டகத்தில் ஏறவில்லை. நம் வீட்டுப் பெரியவரைக் குடையின்றி, தண்ணீரின்றி, பிற்பகல் இரண்டு மணிக்கு ஜம்ராத்துக்கு நடத்திக் கூட்டிப் போய்விட்டு, பிறகு நடந்ததற்கு இந்த ஹதீஸை ஆறுதலாகச் சொல்வது வேறு விஷயம். கத்ரை நம்புவது வேறு. நம் கவனக்குறைவைக் கத்ரின் மேல் ஏற்றிவிடுவது வேறு.

வெயிலை நாம் குறைக்க முடியாது. ஆனால் வெயிலில் எவ்வளவு உழைக்கிறோம், எந்த நேரத்தில் உழைக்கிறோம் என்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது. நம் ஹஜ் விளக்க வகுப்புகள் தொடாமல் விடுவது இதைத்தான். நாமும் ஆண்டுக்கணக்கில் இந்த வகுப்புகளை நடத்துகிறோம். நிய்யத், தல்பியா, துஆக்கள், தம் எப்போது கடமையாகும் என்று மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறோம். ஐந்து நாட்களில் எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும் என்று ஒரு வருடமும் பலகையில் எழுதிக் காட்டியதில்லை. ஸஃபா மர்வாவுக்கு இடையே ஏழு முறை என்றால் மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. தவாஃபை மேல் மாடியில் செய்தால் கீழே சுற்றுவதைப் போலப் பல மடங்கு தூரம். அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா எட்டு ஒன்பது கிலோமீட்டர். மினாவில் கூடாரம் எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்து ஜம்ராத்துக்குப் போய்வர இன்னும் பல கிலோமீட்டர்கள். ஊரில் பள்ளிவாசலுக்கும் ஸ்கூட்டரில் போகிற ஆள் இந்த நடையை 42 டிகிரியில் நடக்கிறார்.

நடக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது? தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவர இதயம் கூடுதல் ரத்தத்தை அங்கே அனுப்ப வேண்டும். அதே நேரம் கால் தசைகளுக்கும் ரத்தம் வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே இதயம் பார்க்கிறது. வயதானவர் வெயிலில் வேகமாக நடக்கும்போது முதலில் தோற்பது பெரும்பாலும் அந்த இதயம்தான். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிட, அதாவது சுமார் 35 டிகிரியைவிட, கூடிவிட்டால் காற்றும் நம்மைக் குளிர்விக்காது, அதுவே சூடேற்றும். அப்போது வியர்வை ஆவியாவது ஒன்றுதான் வழி.

இங்கேதான் நம் கடலோர மக்கள் ஏமாறுகிறார்கள். காயல்பட்டினத்திலும் நாகூரிலும் சென்னையிலும் வெயிலின் கடுமையைச் சட்டை நனைவதை வைத்து அளப்பது நம் பழக்கம். ஈரக்காற்றில் வியர்வை காயாது, வழியும். மக்காவின் வறண்ட காற்றிலோ வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். இஹ்ராம் துணி காய்ந்தே இருக்கும். "ஒண்ணும் வேர்க்கலையே, நம்ம ஊரைவிடப் பரவாயில்லையே" என்பார்கள். வெயிலில் வேகமாக நடக்கையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல்கூட நீர் போயிருக்கும். தெரியாது. எனவே அங்கே சட்டையைப் பார்க்காமல் சிறுநீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நிறம் அடர்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். மணிக்கணக்கில் வியர்த்த பிறகு வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பத்துப் பதினைந்து பெட்டியில் இருக்கட்டும். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மட்டும் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் மார்க்கத்தில் இடம் இருக்கிறதா, சிரமப்பட்டால்தானே கூலி அதிகம் என்று கேட்பவர்கள் உண்டு. அமலுக்காகத் தவிர்க்க முடியாமல் வரும் சிரமத்துக்குக் கூலி உண்டு. சிரமத்தையே அமலாக்கிக்கொள்வதற்கு இல்லை. இரண்டு மகன்களின் தோளில் தொங்கியபடி நடந்து வந்த முதியவரைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். கஅபாவுக்கு நடந்தே வருவதாக அவர் நேர்ச்சை செய்திருந்தார். இவர் தன்னையே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று சொல்லி வாகனத்தில் ஏறும்படி ஏவினார்கள். அபூ இஸ்ராயீல் என்பவர் வெயிலில் நிற்பதாகவும், உட்காராமல், நிழலுக்குப் போகாமல், பேசாமல் நோன்பு வைப்பதாகவும் நேர்ந்துகொண்டபோது, பேசட்டும், நிழலில் ஒதுங்கட்டும், உட்காரட்டும், நோன்பை மட்டும் முழுமையாக்கட்டும் என்றார்கள். நோன்பு இபாதத், வெயில் இபாதத் அல்ல. கடும் வெப்பத்தில் லுஹரைச் சற்றுக் குளிரும்வரை தாமதப்படுத்தச் சொன்ன ஹதீஸை ஓதாத மத்ரஸா மாணவர் கிடையாது. தொழுகை நேரத்தையே வெயிலுக்காகத் தள்ளிய மார்க்கத்தில், கடைக்குப் போகும் நேரத்தைத் தள்ள நமக்கு மனம் வரமாட்டேன் என்கிறது.

குடை விஷயத்தில் ஆண்கள் பலருக்கு இன்னும் தயக்கம். இஹ்ராமில் தலையை மறைக்கக் கூடாதே என்கிறார்கள். தலையில் படாத குடை தலையை மறைப்பதாகாது. நம் பகுதியில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபிலும் இதற்கு அனுமதி உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஜம்ரத்துல் அகபாவில் கல்லெறியும்போது பிலால், உஸாமா (ரலி) இருவரில் ஒருவர் துணியை உயர்த்தி வெயில் படாமல் நிழல் செய்ததை உம்முல் ஹுஸைன் (ரலி) அறிவிக்கிறார்கள், முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. வெளிர் நிறக் குடை ஒன்று சுற்றியுள்ள வெப்பத்தைப் பத்து டிகிரி வரை குறைக்கக்கூடும் என்று சவூதி சுகாதார அமைச்சகம் சொல்கிறது. வெள்ளைக் குடை வாங்குங்கள், கறுப்பு வேண்டாம்.

அரஃபா நாளில் இன்னொரு தவறான எண்ணம், ஜபலுர் ரஹ்மாவில் ஏறினால்தான் நிறைவு என்பது. அரஃபா எல்லைக்குள் எங்கே இருந்தாலும் வுகூஃப் கூடிவிடும். கூடாரத்துக்குள் உட்கார்ந்து அழுது துஆ கேட்டாலும் அது வுகூஃப்தான். மலை ஏறுவதற்குத் தனிச் சிறப்பு இருப்பதாக மக்கள் நினைப்பதை இமாம் நவவி (ரஹ்) அவர்களே தவறென்று எழுதியிருக்கிறார்கள். 2025இல் சவூதி அரசு அரஃபா அன்று காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கூடாரத்தை விட்டு வெளியே வரவேண்டாம் என்று அறிவித்தது. 50,000 சதுர மீட்டர் அளவுக்குக் கூடுதல் நிழற்பகுதி அமைத்தது. வெப்பத்தால் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 90 சதவீதம் குறைந்ததாக ஹஜ்ஜுக்குப் பின் தெரிவித்தது. 2024 அளவுக்கு வெயில் ஏறாததும் அதற்கு ஒரு காரணம். அனுமதி இல்லாதவர்களைக் கடுமையாகத் தடுத்ததும் ஒரு காரணம். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க நாம் முனையவில்லை. நேரக் கட்டுப்பாட்டைக் கேட்டு நடந்தவர்கள் தப்பித்தார்கள் என்பது நமக்குப் போதும். வளைகுடாவில் உழைத்த நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வெயில் படும்படி வேலை வாங்கச் சட்டமே தடை செய்கிறது. முப்பது வயதுக் கட்டுமானத் தொழிலாளிக்குக்கூட ஆகாது என்று சட்டம் சொல்லும் நேரத்தில் அறுபத்தெட்டு வயது உம்மா ஹரமுக்குப் புறப்படுகிறார்.

கல்லெறிவதிலும் தவாஃபுல் இஃபாளாவிலும் நம் மக்களுக்குத் தெரியாத அவகாசம் நிறைய இருக்கிறது. 11, 12ஆம் நாட்களில் சூரியன் சாய்ந்த உடனே எறிந்துவிட வேண்டும் என்று பகல் ஒரு மணிக்குக் கிளம்புகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் எறியும் நேரம் தஷ்ரீக் நாட்களின் இறுதி வரை நீடிக்கிறது. ஹனஃபியில் காரணமின்றி இரவில் எறிவது மக்ரூஹ். முதுமை, பலவீனம் போன்ற காரணம் இருந்தால் அந்த மக்ரூஹும் இல்லை. அஸருக்குப் பிறகோ இஷாவுக்குப் பிறகோ போகலாம். முஸ்தலிஃபாவிலிருந்து பலவீனர்களை இரவிலேயே முன்கூட்டி அனுப்பியது நபிவழி. தவாஃபுல் இஃபாளாவைப் பத்தாம் நாளே, கல்லெறிந்து, முடியெடுத்த கையோடு முடிக்க வேண்டும் என்று ஓடுகிறார்கள். ஹனஃபியில் 12ஆம் நாள் சூரியன் மறையும்வரை நேரம் உண்டு. ஷாஃபிஈயில் அதற்கு இறுதி நேரமே கிடையாது. பத்தாம் நாள் மதியம் தூங்கிவிட்டு இரவில் போகிறவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நமக்குப் பதிலாக வேறொருவரைக் கல்லெறிய வைக்கும் சலுகையை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். கூட்டமாக இருக்கிறது என்பதற்காக அல்ல, உண்மையிலேயே போக இயலாதவருக்காக அது வந்தது. குழுவோடு வரும் ஆலிமிடம் ஒவ்வொருவரும் தம் நிலையைச் சொல்லித் தீர்வு கேட்பதே முறை.

ஹஜ்ஜுக்கு முந்தைய வாரங்களில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஹஜ் கமிட்டி மூலம் போகிறவர்கள் வழக்கமாக நாற்பது நாள் வாக்கில் தங்குகிறார்கள். மக்கா சேர்ந்ததும் தினம் ஒரு உம்ரா என்று மஸ்ஜிதே ஆயிஷாவுக்கும் ஹரமுக்கும் அலைகிறார்கள். நஃபிலான உம்ராவை நாம் தடுக்கவில்லை. அதன் சிறப்பைச் சொன்னவர்களில் நாமும் உண்டு. ஆனால் நெஞ்சுச் சளியும் கால் வீக்கமுமாக எட்டாம் நாள் மினாவுக்கு வருகிறவர், நஃபிலுக்காக ஃபர்ளைப் பணயம் வைத்தவராகிறார். உடம்பு புது வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் மெதுவாக, காலையிலும் இரவிலுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டினால் வியர்க்கும் திறன் சீராகும், இதயத் துடிப்பு அடங்கும். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே ஊரில் நடக்கத் தொடங்கிவிட வேண்டும். ஏசி அறையிலேயே இருந்துவிட்டு விமானம் ஏறுகிறவருக்குச் சென்னை வெயிலில் வாழ்ந்த பலன் எதுவும் கிடையாது.

மாத்திரைகள் பற்றி மருத்துவர்தான் பேச வேண்டும். ஆனால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதாவது நமக்குத் தெரிய வேண்டுமே. சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, சில வகை அலர்ஜி மாத்திரைகள், மனநல மருந்துகள் ஆகியவை வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவை மாற்ற வேண்டுமா என்று புறப்படுமுன் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு வியர்ப்பதே குறைவாக இருக்கும். காலில் சுடுவதும் தெரியாது. இன்சுலினைப் பையில் போட்டு வெயிலில் தூக்கித் திரிந்தால் மருந்து கெட்டுவிடும்.

நம் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. கழிப்பறை வரிசைக்குப் பயந்து. மினாவிலும் அரஃபாவிலும் அந்த வரிசையைக் கண்டவர்களுக்கு இந்தப் பயம் புரியும். காலையிலிருந்து இரண்டு மிடறு ஜம்ஜமோடு நாளைக் கழித்துவிட்டு மாலையில் தலைசுற்றி விழுகிறார்கள். வீட்டு ஆண்கள் இதைக் கூச்சப்படாமல் விசாரிக்க வேண்டும். "தண்ணி குடிச்சீங்களா உம்மா" என்று கேட்டால் எல்லோரும் குடித்தேன் என்றுதான் சொல்வார்கள். பாட்டிலைப் பாருங்கள்.

ஒருவர் தளர்ந்து, தலைவலியோடு, குமட்டலோடு உட்கார்ந்தால் அது வெப்பச் சோர்வு. நிழல், தண்ணீர், ஓய்வு, ஓ.ஆர்.எஸ். என்று அதோடு தீர்ந்துவிடலாம். ஆனால் பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் உளறினாலோ, சண்டைக்கு வந்தாலோ அது வெப்ப அதிர்ச்சி. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்திருக்கும், மூளை பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும். வியர்வை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கூட்டத்தில் ஒருவர் பித்துப் பிடித்தவர் போல நடந்துகொண்டால் நம் ஆட்கள் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதுகிறார்கள். ஓதுங்கள், தண்ணீரையும் ஊற்றுங்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் தலை முதல் கால் வரை நனைத்து விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்தக் குளிர்விக்கும் முறைக்கு ஹஜ்ஜோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. கோகலி, வெய்னர் என்ற இரு ஆய்வாளர்கள் ஹஜ்ஜில் வெப்ப அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்காக உருவாக்கி 1980இல் வெளியிட்ட சாதனத்துக்கு மருத்துவ நூல்களில் 'மக்கா குளிர்விப்பு அலகு' என்றே பெயர். வலைக் கட்டிலில் நோயாளியைக் கிடத்தி, குளிர்ந்த நீரைப் பனிபோலத் தெளித்து, வெதுவெதுப்பான காற்றை வீசுவார்கள். குளிர்ந்த காற்று வீசினால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்வெப்பம் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. மக்காவின் வெப்பம் பத்தாண்டுக்கு 0.4 டிகிரி என்ற கணக்கில் கூடிவந்தபோதும் ஹஜ்ஜில் வெப்ப அதிர்ச்சி விகிதம் முன்பிருந்ததில் கால் பங்காகக் குறைந்திருப்பதாக சவூதி ஆய்வாளர்கள் 2024இல் எழுதினார்கள். வெயில் கூடியும் பாதிப்பு குறைந்தது என்றால், மனிதர் செய்யும் ஏற்பாட்டுக்குப் பலன் இருக்கிறது.

அந்த ஏற்பாடு அனைத்தும் அனுமதியோடு வருகிறவருக்கு. கூடாரம், பேருந்து, ரயில், குளிரூட்டல் என எல்லாமே பெயர் பதிந்தவருக்குத்தான். 2025இல் இந்தியத் தனியார் குழுக்களுக்கான இடங்களில் நாற்பதாயிரத்துக்கு மேல் பறிபோனபோது தமிழகத்திலும் பலர் பணம் கட்டிவிட்டுத் தவித்தார்கள். முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஏமாற்றத்தில் இருப்பவரிடம், விசிட் விசாவில் போய் எப்படியாவது அரஃபாவுக்குச் சேர்த்துவிடுகிறோம் என்று யாராவது வருவார். 2024இல் எகிப்திலும் ஜோர்டானிலும் அப்படித்தான் போனார்கள். சோதனைச் சாவடிக்குப் பயந்து பேருந்தில் ஏறவில்லை, கூடாரத்துக்குள் நுழைய முடியவில்லை, மயங்கியபோது உதவி கேட்கவும் அஞ்சினார்கள். வழி இல்லாதவர் மீது ஹஜ் கடமையே இல்லை. காத்திருப்பதில் பாவமில்லை.

உடம்பு இடம் கொடுக்காதவருக்கும் அப்படித்தான். கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர், வாகனத்தில் நிமிர்ந்து உட்கார முடியாத தம் முதிய தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். பத்லு ஹஜ் என்ற வாசல் நம் பெற்றோருக்காகத் திறந்தே இருக்கிறது. ஆனால் வாப்பா ஆசைப்படுகிறார், ஊரில் என்ன சொல்வார்கள் என்று மருத்துவப் படிவத்தில் இருக்கும் நோயை இல்லையென்று எழுதி அனுப்புகிறோம். முதல் தவணை கட்டுவதற்கு முன்னால் வாப்பாவை மருத்துவரிடம் கூட்டிப் போய், இவர் 42 டிகிரியில் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்க முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். முடியும் என்றால் மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அவரோடு நீங்களும் நடக்கத் தொடங்குங்கள். முடியாது என்றால் அதே வாரம் நம்மிடமோ உங்கள் மஹல்லா இமாமிடமோ வாருங்கள், பத்லு ஹஜ்ஜின் சட்டங்களை உட்கார்ந்து பேசுவோம்.